என் உயரத்துக்கு ஒரு குச்சி

பதுளையில் என் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் ஒரு மூங்கில் குச்சி இரண்டு துண்டாகச் சாய்ந்து நிற்கிறது. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தால் சரியாக என் உச்சந்தலை வரைக்கும் வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஒட்டடைக் கம்பு என்று நினைத்துக்கொள்வார்கள். என் மனைவிக்கு அது என்னவென்று தெரியும். தெரிந்த நாளிலிருந்து, அந்தக் கதவோரம் கூட்டும்போது விளக்குமாறு அதன்மேல் படாமல் சுற்றிக்கொண்டுதான் போவாள். தூக்கிப் போட்டுவிடலாமே என்று கல்யாணமான புதிதில் இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தாள். நான் சத்தம் போட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இந்தக் குச்சி விஷயத்தில் எனக்கு வருவது பயம்தான். வெளியே காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு கத்திவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் ஒருவர் தவறிப்போனால் முதல் வேலையாக ஒரு மூங்கில் குச்சி வெட்டுவார்கள். படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் அதை வைத்து, உச்சியிலிருந்து குதிகால் வரைக்கும் பார்த்து நறுக்குவார்கள். மரண உதவிச் சங்கத்து ஆள் ஒருவர் அந்தக் குச்சியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போவார். சவப்பெட்டி செய்கிற கடையில் குச்சியைக் கொடுத்தால் போதும், வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. குச்சியோடு பஸ்ஸில் வருகிறவரிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவருக்குப் பக்கத்து சீட் டவுன் வரைக்கும் காலியாகவே வரும். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது குச்சியையும் கூடவே போட்டுவிடுவார்கள். அதனால் உயிரோடிருக்கிற ஆளைக் குச்சி வைத்து அளக்கிற வழக்கம் எங்களில் கிடையாது. தையல்காரர் நாடா வைத்து அளக்கலாம், அது தீபாவளிச் சட்டைக்கு. குச்சி வேறு.

என் அப்பாவின் கூடப்பிறந்த அக்காதான் என் அத்தை. கொழுந்து எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அவருக்கு இந்தக் குச்சிப் பயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. அதற்குக் காரணம் மாமாவின் சாவு. ஒருமுறை தோட்டத்தில் லயத்து வரிசை வீடுகளின் கதவுகளை எல்லாம் மாற்றினார்கள். வந்த தச்சர் நாடாவை எங்கேயோ வைத்துவிட்டு, கதவு நிலை எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்ப்பதற்காக வாசலில் நின்ற மாமாவைக் கூப்பிட்டு, அவர் பக்கத்தில் ஒரு குச்சியை நிறுத்தி வெட்டிக்கொண்டார். லயத்திலேயே நெட்டையான ஆள் மாமாதான். "என்னாப்பா, பெட்டிக்கா அளக்கிற?" என்று மாமாவே சிரித்துக்கொண்டு கேட்டாராம். கதவு போட்டதற்கு அடுத்து வந்த பெரிய மழையில் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்தது. கடைசி இரண்டு வீடுகள் போயின. மாமா உள்ளே படுத்திருந்தார். மண்ணைத் தோண்டி எடுத்தபோது புதுக் கதவு நிலை மட்டும் ஆடாமல் அசையாமல் நேராக நின்றது என்று சொல்வார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. அத்தை பார்த்திருக்கிறார்.

அந்த அத்தையின் ஒரே மகன்தான் என் மச்சான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, அடி வாங்கினாலும் ஒன்றாகத்தான் வாங்குவோம். சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்காது, அவ்வளவு சரிசமமான உயரம். ஆனால் எனக்குக் கால் நீளம், அவனுக்கு முதுகு நீளம். கோயில் பந்தியில் வரிசையாக உட்கார்ந்தால் அவன் தலை மட்டும் எனக்கு மேலே துருத்திக்கொண்டு தெரியும். பரிமாறிக்கொண்டு வரும் அத்தை எங்களைப் பார்த்து, "நின்னா ரெட்டப் புள்ளைங்க, ஒக்காந்தா அண்ணன் தம்பி" என்று சொல்லிச் சிரிப்பார். மாமா போன பிறகு அத்தை சிரித்து நான் பார்த்தது அந்த மாதிரிச் சமயங்களில்தான். அந்தப் பேச்சு பின்னால் எனக்கு எப்படி எப்படியெல்லாம் ஞாபகம் வரப்போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

மச்சான் மரக்கறி ஏற்றும் வேலை பார்த்தான். வெலிமடைப் பக்கம் போஞ்சியும் கரட்டும் கோவாவும் ஏற்றிக்கொண்டு பதுளைச் சந்தைக்கு வருவான். அதற்கு ஒரு பழைய சிங்கிள் கெப் வைத்திருந்தான். முன்னால் இரண்டு பேர் உட்காரும் சின்ன அறை, பின்னால் திறந்த தட்டு. அந்த மாதிரிச் சிறிய டிரக்குக்கு எங்கள் பக்கம் கெப் என்றுதான் பெயர். ஊவா முழுக்க அவனுக்குத் தெரியாத மலைரோட்டு வளைவு, முடக்கு கிடையாது. அதுதான் அவனுக்கு எரிச்சல். "நம்ம ஊர்ல மூணாவது கியருக்கு மேல போடவே எடமில்ல மச்சான். போட்டு முடிக்கிறதுக்குள்ள அடுத்த முடக்கு வந்துருது" என்பான். ஹல்துமுல்லைப் பக்கம் லோட் எடுத்து வரும்போதெல்லாம் ரோட்டோரமாக நிறுத்திவிட்டு, கீழே வெகுதூரத்துக்குப் பரந்து கிடக்கிற சமவெளியையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரே ஒரு தடவை, கண்ணுக்கெட்டிய தூரம் நேராகக் கிடக்கிற ரோட்டில், காலை எடுக்காமல் மிதித்துப் பார்க்கவேண்டும். அவனுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அந்த ஆசைக்கு ஒரு வழியும் வந்து சேர்ந்தது. வெல்லவாயவுக்குக் கீழே ஒரு நேர் ரோட்டை ஒரு நாள் மூடிவிட்டு டிராக் ரேஸ் வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டு வந்தான். இரண்டு கெப்புகள் பக்கம் பக்கமாக நிற்கும். பச்சை லைட் விழுந்ததும் கால் மைல் தூரம் நேராக ஓடவேண்டும். யார் முன்னால் போகிறானோ அவன் ஜெயித்தான். "ஒனக்கென்ன கிறுக்காடா, அத்தைக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா?" என்று நான் கத்தினேன். அவன் கோபிக்கவில்லை. போட்டிக்காரர்கள் கொடுத்த விதிமுறைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். டிரைவரைச் சுற்றி இரும்புக் கூண்டு இருக்கவேண்டும். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து வாரில் பெல்ட் வேண்டும். எஞ்சினிலிருந்து பின்சக்கரச் சில்லுக்குப் போகிற நீளத் தண்டு ஓட்டத்தில் முறிந்தால் தரையில் குத்தி வண்டியையே தூக்கி அடிக்கும், அதனால் அதைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் வேண்டும். வெளியே நிற்கிறவன் பாட்டரியை நிறுத்துவதற்குப் பின்பக்கம் ஒரு சுவிட்ச் வேண்டும். தீப்பிடிக்காத சட்டை வேண்டும். "பயந்தவன்தான் மச்சான் கூண்டு கட்டுவான். நான் பயந்தவன். எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றான்.

அது உண்மை. அவனைத் துணிச்சல்காரன் என்று இன்றைக்கும் சிலர் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் அளவுக்குப் பயந்து பயந்து வேலை பார்த்தவனை நான் கண்டதில்லை. கூண்டு செய்தது ஹாலிஎலவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாஸ்; கைத்தொழில்காரரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். கேட் செய்வார், லொறிக்குத் தட்டு அடிப்பார், கோயிலுக்கு உண்டியல் செய்வார். கூண்டு என்றதும் பட்டறை மூலையில் கிடந்த தண்ணீர்க் குழாய்களைக் காட்டினார். "தண்ணிக் கொழாய் தண்ணிக்குத்தான் பாஸ்" என்று சொல்லிவிட்டு, மச்சான் கொழும்புக்குப் பஸ் ஏறிப்போய் ஒட்டில்லாத எஃகுக் குழாய் வாங்கிக்கொண்டு வந்தான். குழாயின் கனத்தைப் பார்க்க ரேஸ்காரர்கள் ஊசித் துளை போடுவார்கள் என்று கேள்விப்பட்டு, தானே ஒரு துளை போட்டு எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினான். கெப்பின் தரை வெறும் தகரம், குழாய் அதைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும் என்று தரைக்கு மேலேயும் கீழேயும் தடித்த தகடு வைத்து நட்டுப் போட்டு இறுக்கவைத்தான். ஒவ்வொரு வெல்டிங்கையும் சுத்தியலால் தட்டிக் காது வைத்துக் கேட்பான். பாஸுக்கு அலுத்துப்போனது. "ஒங்க மச்சான் என்னைக் கொன்னுருவாருங்க" என்று என்னிடம் முறையிட்டார்.

கூண்டிலேயே முக்கியமானது டிரைவருக்குப் பின்னால் ஒரு பக்கத்துத் தரையிலிருந்து ஏறி, தலைக்கு மேலே வளைந்து, மறுபக்கத்துத் தரைக்கு இறங்குகிற வளையக் குழாய். அதை நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே குழாயாக வளைக்கவேண்டும். ஒரு தடவை வளைத்தால் வளைத்ததுதான். சிங்கிள் கெப்பில் சீட்டுக்குப் பின்னால் இடமே இருக்காது. ஆகவே அந்தக் குழாய் பின்னால் தள்ளிப் போகாமல் அநேகமாக டிரைவரின் தலைக்கு மேலேயே வந்து நிற்கும். பெல்ட்டை இறுக்கிப் போட்டு, ஹெல்மட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, ஹெல்மட்டுக்கும் குழாய்க்கும் நடுவே நாலு விரல் நுழையவேண்டும். இது விதி. அப்படியானால் குழாயை வளைப்பதற்கு முன்னால் டிரைவரை உட்காரவைத்து அளந்தாகவேண்டும். சீட்டைத் தரையில் இறுக்கி, மச்சானை ஹெல்மட்டோடு உட்காரவைத்து, பெல்ட்டால் கட்டினார் பாஸ். நாடா அந்த இடத்தில் மடங்கி மடங்கி விழுந்தது. ஒரு நேரான மூங்கில் குச்சியை எடுத்து அவன் முதுகோரமாகத் தரையிலிருந்து நிறுத்திப் பிடித்தார். ஆடாமல் இருக்கவேண்டும் என்பதற்காக மச்சான் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்தா அத்தை வரவேண்டும். டவுனுக்கு வந்தவர், மகன் எங்கே என்று கேட்டுக்கொண்டு, எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் வாங்கிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தார். உள்ளே அவர் கண்ட காட்சியை நான் இன்றைக்கு அவருடைய கண்ணால் பார்க்கிறேன். மகன் கண்ணை மூடியிருக்கிறான். கட்டிவைத்திருக்கிறார்கள். ஒருத்தர் பக்கத்தில் குச்சி வைத்து அளந்துகொண்டிருக்கிறார். பார்சல் கீழே விழுந்தது. அத்தை நேராக வந்து பாஸின் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தார். அதற்குப் பிறகுதான் குரல் வந்தது. "உசுரோட இருக்கவனுக்குக் குச்சி வைக்கிறீங்களா? ஒருத்தர அளந்து குடுத்தது பத்தாதா?"

மச்சான் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டான். இது கூண்டுக்கு அம்மா, என்னைக் காப்பாத்துற கூண்டுக்கு, என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அத்தைக்கு ரேஸ்கூட அப்போது பெரிதாகப் படவில்லை. போறியா, போ. ஆனால் குச்சி உன்மேல் படக்கூடாது. என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணு என்றார். அவன் சத்தியம் செய்தான். செய்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தான். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது என்று நினைக்கிறேன். நானும் அவனும் ஒரே உயரம். "இவன அளந்துக்கங்க பாஸ்" என்றான். அத்தை என்னைப் பார்த்தார். நானும் அவருக்குப் பிள்ளை மாதிரிதான், ஆனாலும் ரேஸ் ஓடப்போகிறவன் நானில்லையே. தலையைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். அது எனக்கு அன்றைக்குச் சுருக்கென்று குத்தியது, இல்லையென்று சொன்னால் பொய்.

நான் ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாஸ் புதுக் குச்சி ஒன்றை என் முதுகோரமாக நிறுத்தினார். "பாஸ், அவன் ஒக்காந்தா என்னைவிட ஒசரம்" என்று நான் சொன்னேன். "எவ்வளவு இருக்குங்க?" என்று கேட்டார். அதை யார் அளந்து பார்த்தது? பந்தியில் பார்த்ததுதான், சிரித்ததுதான்.  பாஸ் மச்சானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாலு வெரலு விதிக்கு, அதுக்கு மேல ரெண்டு வெரலு அவருக்குக் கூட்டிக்கிறேன்" என்றார். கூட்டித்தான் குழாயை வளைத்தார். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் அவசரப்படவில்லை. எல்லாருமே நல்லது நினைத்துத்தான் செய்தார்கள்.

கூண்டு முடிந்து வர்ணம் காய்ந்த அன்றைக்கு மச்சான் உள்ளே ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கினான். தலைக்கு மேலே கையை விட்டுப் பார்த்தான். இரண்டு விரல்தான் நுழைந்தது; உட்கார்ந்தால் அவன் என்னைவிட நாலு விரல் உயரம். மறுபடியும் விட்டுப் பார்த்தான். பாஸின் முகம் வெளுத்துப்போனது. குழாய் மிச்சமில்லை, ரேஸுக்கு நாளுமில்லை. மச்சான் இறங்கி, சீட்டிலிருந்த ஸ்பொஞ்சைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். உட்கார்ந்தால் எப்படியும் அமுங்கிப் போகிற ஸ்பொஞ்சு அது, அதை வெட்டி என்ன லாபம் என்று யோசிக்கிற நிலையில் நாங்கள் யாருமில்லை. "ஆங், இப்ப சரி" என்றான். தலைக்கு மேலிருந்த குழாயில் தடித்த ரப்பர் உறையைச் சுற்றிக் கட்டினான்.  

ரேஸ் நாளில் அத்தையும் கூடவே கிளம்பிவிட்டார். தான் பார்த்துக்கொண்டு நின்றால் ஒன்றும் நடக்காது என்று அவருக்கு ஒரு எண்ணம். மாமா போனபோது அவர் மலையில் கொழுந்தில் நின்றார், அதுதான் காரணமாக இருக்கவேண்டும். கெப்பைச் சின்ன லொறி ஒன்றில் ஏற்றிக்கொண்டு நாங்கள் மலையை விட்டு இறங்கினோம். ஒவ்வொரு முடக்கிலும் குளிர் குறைந்து, கீழே போய்ச் சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. ரோடு நேராகக் கிடந்தது. நான் அவ்வளவு நேரான ரோட்டைப் பார்த்ததில்லை, எனக்கு அது பிடிக்கவும் இல்லை. மச்சான் அதில் கொஞ்ச தூரம் நடந்து போய்க் குனிந்து, தார் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அத்தை சுருக்குப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துச் சில்லுகளுக்கு அடியில் வைத்தார்.

வண்டிகளைச் சோதிக்க ஒரு வயதான சிங்களப் பெரியவர் இருந்தார், எல்லாரும் மரியாதையாக மாத்தயா என்று கூப்பிட்டார்கள். நிதானமான மனிதர். தகடுகளைத் தட்டிப் பார்த்தார், தண்டைச் சுற்றியிருந்த வளையத்தைப் படுத்துக்கொண்டு பார்த்தார், பாட்டரி சுவிட்சைப் போட்டு எடுத்தார், குழாயின் ஊசித் துளைக்குள் கம்பி விட்டுக் கனம் பார்த்தார். வேலை சுத்தம் என்று மச்சானின் தோளைத் தட்டினார். கடைசியாக ஹெல்மட்டோடு உட்காரச் சொல்லிவிட்டு, தலை மட்டத்தைப் பார்ப்பதற்காக ஒரு நீளக் குச்சியைக் கையில் எடுத்தார். மச்சான் உடனே எட்டி அவர் கையைப் பிடித்தான். சிங்களத்தில் தாழ்ந்த குரலில், மாத்தயா, அம்மா அங்கே நிற்கிறார், எங்கள் ஆட்களுக்குக் குச்சி ஆகாது, தயவுசெய்து கையால் பாருங்கள் என்றான். மாத்தயா திரும்பிப் பார்த்தார். கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் அத்தை அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். மாத்தயா குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். அந்த ஒரு கணத்தில் மச்சான் இடுப்பை முன்னால் தள்ளிச் சீட்டில் சரிந்து கொடுத்ததை நான் பார்த்தேன். நாலு விரலும் நுழைந்தது. சரி என்று மாத்தயா தலையை ஆட்டினார். என்னடா இது என்று நான் பக்கத்தில் போய்க் கேட்டேன். "விடு மச்சான், அம்மா பாக்குறாங்க" என்றான்.

முதல் ஓட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அவன் தோற்றான், ஆனால் திரும்பி வந்தபோது பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். "நாலாவது போட்டேன் மச்சான்" என்றான். இரண்டாவது ஓட்டத்தில் கோட்டைத் தாண்டுகிற வரைக்கும் அவன்தான் முன்னால். தாண்டியதும் பிரேக் போட்டான். கெப்புக்குப் பின்பக்கம் பாரம் கிடையாது, பின்சில்லு லேசாக ஒரு பக்கம் ஒதுங்கியது. ரோட்டோரத்து மணலில் ஏறியது, சாய்ந்தது, ஒரே ஒரு தடவை முழுசாக உருண்டு நாலு சில்லிலும் நின்றது. மணல் புழுதி அடங்கியபோது பார்த்தால், கெப் யாரோ எடுத்து வைத்த மாதிரி நேராக நின்றுகொண்டிருந்தது. மச்சான் உள்ளே பெல்ட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாரு, எந்திரிச்சு வருவான் பாரு" என்றார். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். யாரோ ஓடிப்போய்ப் பின்னாலிருந்த சுவிட்சைத் திருப்பினார்கள். அவன் எழுந்து வரவில்லை.

கூண்டில் ஒரு குழாய்கூட நெளியவில்லை. ஒரு வெல்டிங்கூட விடவில்லை. அவனுக்குக் கழுத்து போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற என்னிடம் அந்த மாத்தயா வந்தார். நான் என் மச்சான் சீட்டில் சரிந்து கொடுத்ததைச் சொன்னேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். வண்டி தலைகீழாகும்போது எவ்வளவு இறுக்கின பெல்ட்டும் இழுபடும், ஆள் தொங்குவான், தலை குழாயில் போய் இடிக்கும், அந்த நாலு விரல் அதற்குத்தான் மகனே, என்றார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை லயத்துக்குச் சங்கத்து ஆள் வந்தார். உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தது. பெட்டியைக் கொண்டுபோனால்தான் எடுத்து வரலாம். யாராவது குச்சியோடு சவ அறைக்குப் போய் அளந்து வரவேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். கையில் புதிதாக வெட்டிய மூங்கில் இருந்தது, பச்சை வாசம் அடித்தது. மூலையில் சுருண்டு கிடந்த அத்தை எழுந்து உட்கார்ந்தார். "அவன் மேல குச்சி படக்கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கான்" என்றார். பிறகு என்னைக் காட்டினார். "இவன அளந்துக்கிட்டுப் போங்க. ரெண்டு பேரும் ஒரே ஒசரம்."

சங்கத்து ஆள் தயங்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே கிடையாது. ஒரு தாய்க்கு இப்படியும் மனசு வருமா என்று நினைத்தேன். ஓடிவிடலாமா என்றும் நினைத்தேன்.  ஆனாலும் எழுந்து போய்ச் சுவரோரமாக நின்றேன். மச்சானும் நானும் சின்னதில் நின்று உயரம் பார்த்த அதே சுவர். குதிகாலோரம் குச்சியை ஊன்றி, என் உச்சந்தலைக்கு நேராகக் கத்தியால் கொத்தினார்கள். மூங்கில் நறுக்கென்று வெட்டுப்பட்ட சத்தம் என் மண்டைக்குள் கேட்டது. பெட்டி வந்தது. அவனுக்கு அது அச்சாகப் பொருந்தியது. பெட்டிக்கு நீட்டிப் படுக்கிற அளவுதானே வேண்டும், அதில் நானும் அவனும் என்றைக்கும் சமம்தான்.

அடக்கம் நடக்கும்போது வழக்கப்படி குச்சியையும் குழிக்குள் போடப் போனார்கள். அவ்வளவு நேரமும் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்த அத்தை, அவர்களை உதறிவிட்டு வந்து குச்சியைப் பிடுங்கினார். "இது இவனோட அளவு. இது மண்ணுக்குள்ள போகக்கூடாது" என்று சொல்லி அதை என் கையில் திணித்தார். "பத்திரமா வச்சுக்க சாமி. யார்கிட்டயும் குடுத்துராத." அன்றைக்கு அத்தை என்மேல் வைத்திருந்த பாசம் எனக்கு விளங்கியது, என் கோபமும் அதோடு போய்விட்டது. பயம் மட்டும் போகவில்லை. அந்தக் குச்சியோடு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். பக்கத்து சீட் காலியாகவே வந்தது.

விரல் கணக்கை நானும் பாஸும் அத்தையிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அவர் முறித்த குச்சியைத்தான் சொல்லவேண்டி வரும். மகனைக் காப்பாற்றுவதற்காக அவர் முறித்ததுதான் மகனைக் கொன்றது என்று எந்த வாய் சொல்லும்? கேட்கிறவர்களிடமெல்லாம் வேகம், விதி, நேரம் என்று எதையாவது சொல்லிச் சமாளித்தோம். பாஸ் அதற்குப் பிறகு கூண்டு வேலை எடுப்பதில்லை. மச்சானின் கூண்டை அறுக்கவும் மனசில்லாமல் பட்டறைக்குப் பின்னால் போட்டு வைத்திருக்கிறார். இப்போதும் ஹாலிஎலப் பக்கம் போனால் அது தெரியும். துரு பிடித்திருக்கிறது, கோணல் கிடையாது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேன்.

நான் இப்போது வேன் ஓட்டுகிறேன். எல்லவுக்கு வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலையெல்லாம் சுற்றுகிறேன். ஏறுகிறவர்கள் பெல்ட் போடுகிற வரைக்கும் வண்டியை எடுக்கமாட்டேன், என் கோபத்தைப் பார்த்துவிட்டு அவர்களே சிரித்துக்கொண்டு போட்டுவிடுவார்கள். போன மாதம் பழைய வேனைக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்தேன். பார்ப்பதற்கு அத்தை டிவிஷனிலிருந்து வந்திருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார், கண் மட்டும் கூர்மை. எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் வேனைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, டிரைவர் சீட்டையும் மேலே கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போனவர் கதவுக்குப் பின்னாலிருந்த குச்சியை எடுத்துக்கொண்டு வந்தார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏறி ஒக்காரு" என்றார் அத்தை. நான் உட்கார்ந்தேன். "நிமுந்து ஒக்காரு. பெல்ட்டப் போடு." போட்டேன். குச்சியைத் தரையில் ஊன்றி என் முதுகோரமாக நிறுத்தப் பார்த்தார். அது முழு ஆள் குச்சி, கூரையில் முட்டியது. என் உச்சந்தலைக்கு நேராக நகத்தால் அடையாளம் வைத்துக்கொண்டு வெளியே எடுத்து, முழங்காலில் வைத்து முறித்தார். அந்த வயதிலும் ஒரே முறியில் முறிந்தது. முறித்த துண்டை மறுபடி என் பக்கத்தில் நிறுத்திச் சரிபார்த்தார். அவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது. கையை உயர்த்தி, குச்சி நுனிக்கும் கூரைக்கும் நடுவே விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்தார். நாலும் போனது. அதற்கு மேலும் இடமிருந்தது.

கையை எடுக்காமல் அப்படியே நின்றார். மூச்சு வாங்கியது.

"நாலு போகுது" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "அவனுக்கு ரெண்டுதானே போச்சு?" என்று கேட்டார்.

நாங்கள் மறைத்து வைத்த விரல் கணக்கு அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியாது; ஆமாங்க அத்தை என்றேன். அவர் குச்சியின் இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் வைத்தார்.